வளர்மதியும் குப்பைமேனிச் சோப்பும்

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால், ஏரிக்கரை வளைந்து முடிகிற இடத்தில் ஓர் ஊர் வரும். முப்பத்து நாலு கிறிஸ்தவக் குடும்பங்கள், ஓடு வேய்ந்த ஒரு சின்ன ஆலயம். அந்தச் சபையில் வளர்மதிக்குப் பதவி என்று எதுவும் கிடையாது. பாட்டுக் குழுவில் இல்லை, குரல் சுமார். பெண்கள் சங்கத்தில் செயலாளரும் இல்லை. ஆனாலும் டிசம்பர் பிறந்துவிட்டால் அவளுக்கு ஒரு தனி மரியாதை வந்துவிடும்.

பெருவெள்ளம் வந்த வருஷம் ஊரில் பயிர் அழுகிப்போய், பாதி வீடுகளில் சுவர் இடிந்து கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு யாரும் யாருக்கும் எதுவும் வாங்கித்தர முடியாத நிலை. அப்போதிருந்த போதகரின் மனைவி ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு வீட்டுப் பெயரையும் சீட்டில் எழுதித் தூக்குவாளியில் போட்டுக் குலுக்கவேண்டியது. வீட்டுக்கு ஒருவர் ஒரு சீட்டு எடுக்கவேண்டியது. எந்தப் பெயர் வந்ததோ அந்த வீட்டுக்குக் கையால் ஏதாவது செய்து பண்டிகை ஆராதனை முடிந்ததும் கொடுக்கவேண்டியது. கடையில் வாங்கியது கூடாது. எடுத்த பெயரை வெளியே சொல்லவும் கூடாது. வெள்ளம் வடிந்தது, சுவர்கள் எழும்பின, போதகர்களும் இரண்டு முறை மாறிவிட்டார்கள். வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

செய்வதற்கு எல்லோருக்கும் கை இருந்தது. என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் ஓடவில்லை. அங்கேதான் வளர்மதி வந்தாள்.

அவளுக்கு ஊரில் ஒவ்வொரு வீட்டின் அடுப்பும் தெரியும், கட்டிலும் தெரியும். யாருக்கு முழங்கால் வலி, யார் விடியற்காலையில் கம்பெனி வேனுக்கு ஓடுகிறார், யார் வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள் எல்லாம் விரல்நுனியில். சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பெண்கள் ஒவ்வொருவராக அவள் வாசலுக்கு வருவார்கள். வெளியே சொல்லக்கூடாத பெயர் எல்லாம் வளர்மதியிடம் மட்டும் சொல்லலாம் என்று எப்படியோ ஒரு சட்டம் ஆகிவிட்டது.

"யக்கா, எனுக்கு சின்னப்பையன் தாத்தா வூடு வந்துகீது. அவுரு ஒண்டிக்கட்டை. இன்னாத்த குடுக்கறது?"

"காலைல இன்னா சாப்புட்றாரு?"

"பயைய சோறுதான்."

"தொட்டுக்க?"

"அத்த நான் எங்க பாத்தேன்."

"நான் பாத்துகீறேன். உப்புக்கல்ல கடிச்சிக்கினு துன்றாரு. ஒரு ஜாடி நார்த்தங்கா ஊறுகா போட்டுக் குடு. ஆறு மாசம் ஒன் பேர சொல்லிக்கினே துன்னுவாரு."

அப்படித்தான் நடக்கும். ராணியம்மாளின் முழங்காலுக்குப் பழைய வேட்டித் துணியில் ஓமமும் அரிசியும் கல்லுப்பும் அடைத்துத் தைத்த ஒத்தடப் பை, வாணலியில் சூடாக்கி வைத்துக்கொள்ள. வேனுக்கு ஓடுகிற பிள்ளைக்குப் பருப்புப்பொடி. பிறக்கப்போகிற குழந்தைக்கு நைந்த சேலைகளை நாலாக மடித்து ஓரம் தைத்த மெத்தை. போதகரின் மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக வயர் கூடை. ஒவ்வொன்றும் வளர்மதி சொன்னது. பண்டிகை அன்று ஆலயத்து வேப்பமரத்தடியில் பொட்டலங்கள் பிரியும்போது, கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர் என்று இருந்தாலும், இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பது வளர்மதியைத்தான். அவள் எதுவும் தெரியாதவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். வருஷத்தின் மற்ற நாட்கள் களையெடுப்பும் மாட்டுச் சாணியும் ரேஷன் கடையுமாகப் போகும். அந்த ஒரு காலைக்காகத்தான் அவள் மற்றதை எல்லாம் பொறுத்துக்கொண்டாள் என்று சொன்னால் மிகையில்லை.

சுதா வந்தபிறகு அது மாறியது.

சுதா அவளுக்கு ஓரகத்தி. வளர்மதியின் புருஷன் மோகன் டிராக்டர் ஓட்டுபவன். அவன் தம்பி நந்தகுமார் ஒரகடத்தில் கம்பெனி வேலை. அங்கேயே வேலை பார்த்த ராஜகுளத்துப் பெண்தான் சுதா. பட்டு நெசவுக் குடும்பம். இரண்டு பேரும் விரும்பி, அவள் ஞானஸ்நானம் எடுத்து, கல்யாணம் ஆயிற்று. அன்றோடு அவள் பிறந்த வீடு கதவைச் சாத்திக்கொண்டது. கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவளுக்கு வேலை போய்விட்டது. நந்தகுமார் அவளை ஊருக்கு அழைத்துவந்து, அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிமெண்ட் ஷீட் கொட்டகை போட்டுக் குடிவைத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று. கைபம்பு பொது.

முதல் வருஷக் கிறிஸ்துமஸில் சுதாவுக்கு ராணியம்மாள் வீடு சீட்டில் வந்தது. அவள் வளர்மதியைக் கேட்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு ஏதோ செய்தாள். குப்பைமேனி இலையை நிழலில் உலர்த்தி, அரைத்து, சலித்து, சோப்புக் கட்டியை உருக்கி அதில் கலந்து, நட்சத்திர அச்சில் ஊற்றி எடுத்தாள். பச்சை நிறத்தில் ஐந்து நட்சத்திரம். அதைச் சணல் கயிறு கட்டிப் பூவரச இலையில் மடித்துக் கொடுத்தாள். ராணியம்மாள் அதில் நாலை ஒரு மாதத்தில் தேய்த்துத் தீர்த்துவிட்டு, ஐந்தாவதை பீரோவில் துணிக்கு நடுவில் வைத்தாள், வாசனைக்கு. வருஷம் பூராவும் அந்த வாசனையை எல்லோரிடமும் சொன்னாள்.

வளர்மதி அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுப் பெண், ஏதோ ஆசைக்குச் செய்திருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இந்த டிசம்பரில், முதல் ஞாயிறு சீட்டுக் குலுக்கி முடிந்ததும், வளர்மதி வழக்கம்போல வீட்டுக்கு வந்து வாசலைக் கூட்டினாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பாத்திரம் நிறையச் சுக்குக் காப்பி போட்டாள். பாயை விரித்தாள். ராணியம்மாள் வந்தாள். இன்னொருத்தி வந்தாள். அப்புறம் யாரும் வரவில்லை. சுக்குக் காப்பி ஆறிப்போயிற்று.

மணி நாலு ஆனபோது பம்புக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் எழுந்தாள். சுதாவின் வாசலில் செருப்புகள் கிடந்தன. எண்ணினாள். பதினோரு ஜோடி. எது எவளுடையது என்று பார்த்தவுடன் சொல்ல அவளால் முடியும். அந்த வார் அறுந்து ஊக்கு குத்தியது அம்முலுவுடையது. போன வருஷம் பனியில் மூச்சிரைக்க ஓடிவந்து, "யக்கா, நீ இல்லனா நான் இன்னா பண்ணுவேன்" என்று கையைப் பிடித்துக்கொண்ட அதே அம்முலு.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கை பாட்டுக்குப் பம்பை அடிக்க, குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தபிறகுதான் வளர்மதிக்கு நினைவு வந்தது.

"சோப்பு செய்யச் சொல்லித் தராளாம்" என்றாள் மறுநாள் ராணியம்மாள். "அது மட்டுமா? தேங்கா ஓட்டுல மெழுகு ஊத்தி வௌக்கு. பூவ காய வச்சி ஒட்டி வாழ்த்து அட்டை. அந்தப் பொண்ணு கை இருக்குதே, தங்கம்."

"உருக்கற சோப்புக் கட்டி கடைல வாங்கனதுதானே?" என்றாள் வளர்மதி. "கையால செஞ்சதுன்னு எப்பிடிச் சொல்றது?"

இதை அவள் அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் பாஸ்டரம்மாவிடம் போய் நின்றாள். இப்போதைய போதகரின் மனைவி அவர். வயது குறைவு, பேச்சு நறுக்கென்று இருக்கும். வெள்ளம் வந்த வருஷம் போட்ட சட்டம் என்ன, கடையில் வாங்கியது கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று வளர்மதி நிதானமாக எடுத்துச் சொன்னாள். பாஸ்டரம்மா கேட்டுக்கொண்டார்.

"நீங்க பருப்புப்பொடிக்கு பருப்பு எங்கேந்து எடுக்கிறீங்க வளர்மதி?"

"கடைலதான்."

"வயர் கூடைக்கு வயர்?"

வளர்மதி செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே உறுத்தியது. பம்படியில் துணி துவைக்கும்போது பக்கத்தில் நிற்பவள் மேலிருந்து அந்த வாசனை வந்தது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரியிடமிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை டிராக்டர் வேலை முடிந்து வந்த மோகன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே, "டீசல் நாத்தமே போயிடுச்சி வளரு. நல்லா நுரை வருது. தம்பி பொண்டாட்டி குடுத்துச்சி" என்றான்.

"யாரு குடுத்தாலும் தேச்சுக்குவியா?"

"இன்னாம்மே, சோப்புதானே?"

அவன் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் அந்த நட்சத்திரத்தை எடுத்துப்போய் மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பாதி கரைந்தது. மாடு பளபளவென்று ஆயிற்று. அதைப் பார்க்கவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மீதிப் பாதியை மறுநாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, குளியல் தடுப்புக்குள் கொண்டுபோய்த் தன் கையில் தேய்த்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் தேய்த்தாள். காரம் இருக்கும், தோல் இழுக்கும், பிசுபிசுவென்று ஒட்டும் என்று எதிர்பார்த்தாள். எதுவும் இல்லை. களை பிடுங்கிப் பிடுங்கிக் காய்ப்பேறிய உள்ளங்கை மெத்தென்று ஆனது. முகத்துக்கும் போட்டாள். மழைக்குப் பிந்திய வெயிலில் நிற்கிற செடி மாதிரி ஒரு மணம். கெட்டதாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாக இருந்தது. அதைத்தான் தாங்கமுடியவில்லை. வேலியில் தானாக முளைத்து, தான் தினமும் மிதித்துக்கொண்டு நடக்கிற செடி. அதை ஒருத்தி குனிந்து பறித்து ஊரையே தன் வாசலுக்கு வரவைத்துவிட்டாள்.

அம்முலுவுக்கு நாலு வயதில் ஒரு பெண் இருந்தது. பெயர் இளவரசி. அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஏரிக்கரைப் பக்கம் மாட்டைப் பிடித்துவரப் போன வளர்மதி, அந்தக் குழந்தை முருங்கைமரத்தடியில் நிற்பதைப் பார்த்தாள். கார்த்திகை மழைக்குப் பிறகு அந்த மரத்தின் அடிப்பக்கம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடந்தது. குழந்தை தாழ்ந்த கிளையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கொத்தாக நாலைந்து பூச்சி தோளிலும் கையிலும் விழுந்தன. வளர்மதி ஓடிப்போய்க் குச்சியால் தட்டிவிட்டு, "போடி வூட்டுக்கு, அம்மாவாண்ட சொல்லி வௌக்கெண்ண தடவச் சொல்லு" என்று விரட்டினாள். குழந்தை ஓடிவிட்டது. வீட்டில் அது எதையும் சொல்லவில்லை. சொன்னால் மரத்தடிக்குப் போனதற்கு அடி விழும்.

மறுநாள் காலை பம்படியில் அம்முலு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண் கலங்க நின்றாள். குழந்தையின் கையிலும் கழுத்திலும் சிவந்து தடித்துப் போயிருந்தது. சுற்றி நாலு பெண்கள்.

"இன்னா துன்னுச்சி?"

"ஒண்ணியும் இல்ல. நேத்து மத்தியானம் குளிப்பாட்டனேன். சுதா குடுத்த சோப்பத்தான் போட்டேன்."

எல்லோரும் வளர்மதியைப் பார்த்தார்கள். வைத்தியம் என்றாலும் அவளைத்தான் பார்ப்பார்கள். நெடுநாள் கழித்துப் பதினைந்து பேர் வாசலில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது அவளுக்கு, அந்த நாலு ஜோடிக் கண்ணும் தன் மேல் விழுந்தபோது. கம்பளிப்பூச்சி என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா" என்றாள். "பச்சைப் புள்ளைக்கு அந்த மாதிரி எல்லாம் போடாத."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதற்குமேல் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. குப்பைமேனி சேராதவர்களுக்குத் தோல் வெந்துபோகும் என்றார்கள். உத்திரமேரூரில் ஒருத்திக்கு முகமே போய்விட்டதாம் என்று யாரோ சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் வாய்க்கால் ஓரத்தில் ஒரு பச்சை நட்சத்திரம் கிடந்ததை வளர்மதியே பார்த்தாள்.

சுதாவின் வாசல் காலியாக இருந்தது. வளர்மதியின் வாசலில் செருப்புகள் வந்தன. பண்டிகைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. செய்து வைத்த சோப்பைக் கொடுக்கப் பயந்து, எல்லோரும் ஓடிவந்தார்கள். வளர்மதி யாரையும் குத்திக்காட்டவில்லை. சுக்குக் காப்பி கொடுத்தாள். ஒவ்வொருத்திக்கும் யோசித்து யோசித்துச் சொன்னாள். பனங்கிழங்கு மாவு, தலையணை உறை, கண் தெரியாதவருக்கு மணிகட்டிய கைத்தடி. இதுவரை இவ்வளவு நல்ல யோசனைகள் அவளுக்கு வந்ததே இல்லை. அம்முலு மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து வாங்கப் போய்விட்டாள். இரண்டு நாளில் தடிப்பு வற்றியது. ஆனால் பழி வற்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சுதா சுவரைச் சுற்றிக்கொண்டு வளர்மதியின் வீட்டுக்கு வந்தாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். உள்ளே வந்ததும் கையை மடித்துவிட்டுக் காட்டினாள். மணிக்கட்டு முதல் முழங்கை வரை தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இன்னாடி இது?"

"நாலு நாளா தேச்சிப் பாக்கறேங்கா. ஒரு நாளைக்கு அஞ்சு தடவ, ஆறு தடவ. இலைய ஜாஸ்தி போட்டுட்டேனா, எண்ண கம்மியான்னு. எனுக்கு ஒண்ணியும் ஆவல. அப்பறம் நாரு போட்டுத் தேச்சேன், ஒரைக்குதான்னு பாக்க. அதுல உரிஞ்சிடுச்சி." அவள் அழவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். "நீங்க சொல்லுங்கக்கா. ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். எதுல தப்பு பண்ணேன்?"

வளர்மதி எழுந்துபோய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்தாள். அவளை உட்காரவைத்துத் தடவினாள். இந்த நிலையிலும் அந்தக் கை எவ்வளவு நீளமாக, அழகாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு ஓடியது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"இங்க வந்து ஒண்ணரை வருசம் ஆவுது" என்றாள் சுதா. "நந்தா பொண்டாட்டின்னுதான் கூப்புடுவாங்க. இல்லனா ராஜகொளத்துக்காரி. இந்தச் சோப்பு செஞ்சப்பறம்தான் சுதான்னு கூப்ட்டாங்க. எங்கம்மா போனே எடுக்கறதில்லக்கா. சரி போவுது, இங்கியாவது நாலு வூடு ஆச்சின்னு நெனச்சேன். அந்தக் கொயந்தையப் போயி பாக்கக்கூட விட மாட்றாங்க."

"மூணு நாளைக்குத் தண்ணி படாம பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள் வளர்மதி.

சுதா போனபிறகு வளர்மதி சாப்பாட்டுத் தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். முதலில் அவள் ஒரு சுலபமான வழியைத் தேடினாள். அம்முலு வீட்டுக்குப் போய், "ஏம்மா, அது ஒருவேள பூச்சியா இருக்கப் போவுது. முருங்க மரத்துல கம்பளி கீது பாரு" என்றாள்.

"நீ எல்லாருக்கும் நல்லவளா இருக்கப் பாக்கற யக்கா" என்றாள் அம்முலு. "ஓரகத்தின்னு வுட்டுக் குடுக்காம பேசற. அதான் ஒன் கொணம்."

ராணியம்மாளிடம் சொன்னாள். அவளும் அதையே சொன்னாள். பழி சொன்னபோது ஒரே வாக்கியத்தை நம்பிய ஊர், மறுத்தபோது பத்து வாக்கியத்தை நம்பவில்லை. அதோடு வளர்மதியின் நல்ல பெயர் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அவள் அதை ஆசையாக வாங்கிக்கொண்டிருப்பாள்.

இருபத்து மூன்றாம் தேதி ஆலயத்தை அலங்கரிக்கப் பெண்கள் எல்லோரும் கூடினார்கள். வைக்கோல் பரப்பிக் குடில் போடுவது ஒரு பக்கம், வண்ணத்தாள் வெட்டுவது ஒரு பக்கம். சுதாவும் வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் உயரம் என்பதால் தோரணம் கட்ட ஸ்டூலில் ஏறி நின்றிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு வெறுமை இருந்தது. பசை எடுக்க வேண்டுமானால்கூட சுற்றிக்கொண்டு போனார்கள்.

வளர்மதி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். யாரும் கவனிக்கவில்லை. உரக்கச் சொன்னாள். "அந்தக் கொயந்த மேல கம்பளிப்பூச்சி வியுந்தத என் கண்ணால பாத்தேன். நான்தான் குச்சில தட்டி வுட்டேன். மொதநா சாயங்காலம். சோப்புல ஒண்ணியும் இல்ல. தெரிஞ்சிதான் சொல்லாம இருந்தேன்."

கத்தரிக்கும் சத்தம் எல்லாம் நின்றது.

"எதுக்குக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி. நிஜமாகவே விளங்காமல்.

"பொறாமைதான்" என்றாள் வளர்மதி. "வேற இன்னா? எல்லாரும் அவ வூட்டுக்குப் போனீங்க. எனுக்கு வயிறு எரிஞ்சிது."

அம்முலு எழுந்து வந்தாள். "எம் புள்ள ராத்திரி பூரா சொறிஞ்சிக்கினு அழுதுச்சி. வௌக்கெண்ண தடவியிருந்தா அன்னிக்கே அடங்கியிருக்கும். அத்தச் சொல்ல ஒனுக்கு வாயி வரல. எம் புள்ள ஒடம்ப வச்சிதான் ஒனுக்கு ஆட்டமா?" அவள் குரல் உடைந்தது. "ஒன்னப் போயி நல்லவன்னு சொன்னேன்."

சுதா ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினாள். மீதித் தோரணத்தைச் சுருட்டி பெஞ்சின் மேல் வைத்தாள். வளர்மதியைக் கடந்து வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று வளர்மதிக்குத் தோன்றியது. பாஸ்டரம்மா மட்டும் அவள் பக்கத்தில் வந்து, "இன்னும் நிறைய வேலை இருக்கு" என்று கத்தரிக்கோலை எடுத்துக் கையில் கொடுத்தார். அது மன்னிப்பா கண்டிப்பா என்று அவளுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. மாலை வரை தாள் வெட்டினாள். இப்போது பசைக்கு அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மோகனுக்கு அன்றைக்கே செய்தி போய்விட்டது. அவன் நெடுநேரம் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "தம்பி மூஞ்சில நான் எப்பிடி முயிக்கறது?" என்று மட்டும் கேட்டான்.

பண்டிகைக் காலை ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் பொட்டலங்கள் பிரிந்தன. சின்னப்பையன் ஒரு கம்பளித் தொப்பியை வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டார். யாரோ கொடுத்த தேங்காய் ஓட்டு விளக்கை ராணியம்மாள் முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். வளர்மதியின் பெயர் யாருக்கு வந்திருக்கும் என்று அவளுக்கு இந்த வருஷம் தெரியாது. அம்முலு அவள் முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு பாட்டில்.

"முருங்கக்கீரப் பொடி" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "பூச்சி இல்லாம பாத்துத்தான் பறிச்சேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வளர்மதிக்குக் காது வரைக்கும் சூடேறியது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அம்முலுவின் உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. ஆனால் சொல்லிவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருந்தது என்பது தெரிந்தது.

அப்போதுதான் சுதா ஒரு கூடையோடு வந்தாள். சீட்டுக்கு ஒரு வீடு என்பது வழக்கம். அவள் எல்லா வீட்டுக்கும் செய்திருந்தாள். பச்சை நட்சத்திரங்கள், பூவரச இலை மடிப்பில். குற்ற உணர்ச்சியும் சேர்ந்ததாலோ என்னவோ, ஒவ்வொருவரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். போதகர் வாங்கினார். அம்முலுவின் குழந்தை இரண்டு கேட்டு வாங்கியது. மோகனுக்கு ஒன்று கொடுத்தாள். "மாமா, இது ஒங்களுக்கு மட்டும்" என்று அழுத்திச் சொன்னாள். வளர்மதியின் முன்னால் வந்தபோது நிற்காமல் அடுத்தவளிடம் போனாள்.

நியாயம்தான். இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்? ஆனாலும் முப்பத்து மூன்று வீட்டிலும் இருக்கிற ஒன்று, தன் வீட்டில் புருஷன் கையில் இருந்தும் வளர்மதிக்கு இல்லை. மாட்டுக்குத் தேய்த்துக் கரைத்தவளுக்கு இப்போது ஒரு துண்டு கிடைக்காதா என்றிருந்தது. அன்று முழுவதும் யார் பக்கத்தில் நின்றாலும் அந்த வாசனையைத் தேடினாள். பொறாமை போய்விட்டது என்று பாவ அறிக்கை செய்த அன்று நினைத்திருந்தாள். அது எங்கேயும் போகவில்லை. முன்னைக்கு இப்போது இன்னும் பொல்லாததாக இருந்தது. என்ன, இந்தத் தடவை வாயைத் திறக்காமல் அதை உள்ளேயே வைத்துக்கொள்ள முடிந்தது.

புதுவருஷம் பிறந்து பொங்கலும் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சும் இல்லை. பம்படியில் வளர்மதி நின்றால் சுதா அப்புறம் வருவாள். உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆண்டுவிழாப் பரிசுக்குச் சுதாவின் சோப்பு கேட்டிருக்கிறார்கள் என்று ராணியம்மாள் வந்து சொன்னாள். வளர்மதி, "நல்லாருக்கட்டும்" என்றாள். சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சொல்லிவிட்டாள்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை. வளர்மதி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். சுவருக்கு மேலே சுதாவின் தலை தெரிந்தது.

"ஒங்க கோழிய கட்டிப் போட மாட்டீங்களா?" என்றாள். குரலில் கோபம் கொதித்தது. "வரிசையா குப்பைமேனி நட்டு வச்சிகீறேன். மூணு நாளா வந்து சீய்ச்சி சீய்ச்சி எல்லாத்தையும் போட்டுட்டு போவுது. யாரு வூட்டு செடின்னு நெனச்சிக்கினு கீதுங்க?"

ஐம்பது நாளில் அவளிடமிருந்து வந்த முதல் பேச்சு. வளர்மதிக்குக் கை தவிட்டிலேயே நின்றது.

"இப்பவே கட்டறேன்" என்றாள்.

"கட்டுங்க. இல்லனா அடிச்சி கொழம்பு வச்சிடுவேன்."

தலை மறைந்தது. வளர்மதி தவிட்டுக் கையோடு எழுந்து, பஞ்சாரக்கூடையைத் தூக்கிக்கொண்டு, ஐந்து கோழிகளையும் ஒவ்வொன்றாகத் துரத்தத் தொடங்கினாள். மூன்று அகப்பட்டன. இரண்டு சுவரைத் தாண்டி மறுபடியும் சுதா வீட்டுப் பக்கமே ஓடின. அவற்றைப் பிடிக்க அவள் அந்தப் பக்கம் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. போனாள்.